தடையை வழக்கம் என்று படம்பிடித்தவர்: எட்கர் தர்ஸ்டனின் வாழ்வும் தொகுப்பும்

தென் மாவட்டங்களில் காட்டுநாயக்கர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் தம் பிள்ளைக்குப் பழங்குடிச் சான்றிதழ் கேட்டுக் கோட்டாட்சியர் அலுவலகத்தின் படியேறும்போது, முகவரி, வருமானம் ஆகியவற்றோடு வேறு வகைக் கேள்விகளையும் எதிர்கொள்ள நேர்கிறது. குலதெய்வம் எது, இறந்தோரைப் புதைப்பதா எரிப்பதா, மணச்சடங்கில் என்னென்ன செய்வர், காட்டில் எவற்றைச் சேகரிப்பர் என்று விசாரணை நீளும். நகரத்தின் ஓரத்தில் துப்புரவுப் பணியோ பட்டாசு ஆலை வேலையோ செய்து பிழைக்கும் ஒருவரிடம் தேன் எடுக்கும் முறையைக் கேட்பதில் உள்ள பொருத்தமின்மை கேட்பவருக்குத் தோன்றுவதில்லை. அவர் சொல்லும் விடை ஒரு பழைய வருணனையோடு ஒத்துப்போகவேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அவர் அந்தச் சமூகத்தவர் அல்லர் என்று ஆகிவிடும். இத்தகைய வழக்குகளில் அதிகாரிகளும் நீதிமன்றங்களும் திரும்பத் திரும்ப எடுத்தாளும் நூல்களுள் முதன்மையானது, 1909இல் சென்னை அரசு அச்சகம் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியாவின் சாதிகளும் பழங்குடிகளும் என்னும் தொகுப்பு. அதைத் தொகுத்தவர் எட்கர் தர்ஸ்டன். இறந்து தொண்ணூறு ஆண்டுகள் ஆன ஒரு வெள்ளை அதிகாரியின் குறிப்பேடு இன்றும் நம் மக்களின் உரிமையைத் தீர்மானிக்கும் கோப்புகளில் கிடப்பதால், அவர் வாழ்க்கையை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது வெறும் வரலாற்று ஆர்வம் ஆகாது.

1855இல் பிறந்த தர்ஸ்டன், இலண்டனின் கியூ பகுதியைச் சேர்ந்த குடும்பத்தின் மூத்த மகன். ஈட்டன் பள்ளியில் பயின்று, இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம் கற்று, 1877இல் மருத்துவராகத் தகுதி பெற்றார். கென்ட் மாவட்டத்தின் மனநோயாளர் காப்பகத்தில் மருத்துவ அலுவலராக இருந்தார். கிங்ஸ் கல்லூரி அருங்காட்சியகத்தின் காப்பாளராகவும் பணியாற்றினார். உடற்கூறும் காட்சிப் பேழையும்தான் அவருடைய இரு பள்ளிகள். 1885இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டு எழும்பூருக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பதவியில் நீடித்தார்.

முதல் பத்தாண்டுகளில் அவர் மனிதர்களிடம் வரவில்லை. நாணயங்களை வகைப்படுத்திப் பட்டியலிட்டார். இராமேசுவரம் கடலின் பவளப்பாறைகளையும் கடலுயிர்களையும் ஆராய்ந்தார். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, சங்குகுளிப்பு பற்றி எழுதினார். அருங்காட்சியகத்துக்கு அக்காலச் சென்னை மக்கள் வைத்திருந்த பெயர் செத்த காலேஜ். உயிருள்ள விலங்குகளை அடைத்து வைத்த இடம் உயிர் காலேஜ். பாடம் செய்யப்பட்ட பறவைகளும் சாராயத்தில் மிதக்கும் மீன்களும் எலும்புக்கூடுகளும் நிறைந்த அந்தச் செத்த காலேஜுக்குள் 1894ஐ ஒட்டித் தர்ஸ்டன் உயிருள்ள மனிதர்களை அழைத்துவரத் தொடங்கினார். மண்டையின் நீள அகலத்தை அளக்கும் இடுக்கிக் கருவிகள், மூக்கின் உயர அகலத்தை அளக்கும் கருவி, முகக்கோணத்தைக் கணிக்கும் கருவி, இவற்றோடு ஓர் ஒளிப்படக் கருவி.

அவருக்கு முன்பே ஒளிப்படக் கருவி இம்மண்ணுக்கு வந்துவிட்டது. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி மதுரை, தஞ்சை, திருவரங்கம் கோயில்களை அரசுக்காகப் படமெடுத்தார். அப்படங்களில் மனிதர்கள் அரிது. வெறிச்சோடிய மண்டபங்களும் தூண்களுமே. நம் முன்னோர் உள்ளே காலெடுத்து வைக்கவே முடியாத மண்டபங்கள் அவை என்பதால், அந்த வெறுமை நமக்கு வேறொன்றையும் சொல்கிறது. 1857 எழுச்சிக்குப் பின் ஆளப்படும் மக்கள் யார் யார் என்று அறியும் பதற்றம் ஆட்சியாளருக்குக் கூடியது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த இந்திய மக்கள் என்னும் படத்தொகுப்பு அந்தப் பதற்றத்தின் விளைவு. அதற்குப் படம் எடுத்தவர்களுள் சென்னைக் குதிரைப்படை அதிகாரி வில்லபி வாலஸ் ஹூப்பரும் ஒருவர்.

இந்த ஹூப்பர்தான் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தைப் படமெடுத்தவர். விலா எலும்புகள் தெரியும் குடும்பங்களை வரிசையாக உட்காரவைத்து, படப்பிடிப்பு நிலையத்தில் எடுப்பது போன்ற ஒழுங்கோடு அவர் எடுத்த படங்கள் இன்றும் பஞ்சம் என்றவுடன் எல்லாப் பக்கங்களிலும் அச்சாகின்றன. ஐம்பது இலட்சம் பேருக்குக் குறையாமல் மாண்ட அப்பஞ்சத்தில், நிவாரணப் பணியில் உழைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் விதித்தார். அந்தக் கூலி மனிதனை உயிரோடு வைக்காது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். நிலமில்லாதவரும் சேமிப்பில்லாதவரும்தான் முதலில் வீழ்ந்தனர். அவர்களில் சேரிகளின் மக்களே மிகுதி என்பதை விளக்கத் தேவையில்லை. ஆனால் ஹூப்பரின் படங்களில் பசி இருக்கிறது, பசித்தவரின் பெயர் இல்லை. எந்த ஊர், எந்தப் பண்ணையாளரிடம் வேலை செய்தவர், எப்போது துரத்தப்பட்டார் என்பது இல்லை. தர்ஸ்டன் வந்திறங்கியபோது அந்தப் பஞ்சம் முடிந்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் அளந்த உடல்களில் பல, சிறுவயதில் அந்தப் பஞ்சத்தைக் கடந்து வந்த உடல்கள். உயரத்தையும் மார்பின் சுற்றளவையும் இனத்தின் இயல்பாகக் குறித்துக்கொண்ட காலத்தில், வளரும் வயதின் பட்டினி ஓர் உடலை என்ன செய்யும் என்ற கேள்வியை ஒரு மருத்துவராவது கேட்டிருக்கலாம்.

அளவியலின் பெருந்தலைவர் அன்று வங்காளத்தில் இருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி. மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது மூக்குக் குறியெண். அந்த எண் குறையக் குறையச் சாதி உயரும் என்பது ரிஸ்லியின் துணிபு. படிநிலை என்பது மனிதர் செய்த ஏற்பாடு அன்று, இரத்தத்தில் எழுதப்பட்டது என்று கருவியின் துணைகொண்டு நிறுவும் முயற்சி அது. மனுவின் வேலையை இடுக்கியும் அளவுகோலும் செய்யத் தொடங்கின என்றால் மிகையாகாது. தர்ஸ்டன் அதே முறையைத் தெற்கே கொண்டுவந்தார். நீலகிரியின் தோடர், கோத்தர் முதலாக மலைமக்களையும், பின்னர் சமவெளியின் சாதிகளையும் அளந்து, அருங்காட்சியகத்தின் வெளியீடாக 1896 முதல் தொடர்ச்சியாக அச்சிட்டார்.

ஒளிப்படம் இந்த அளவீட்டின் துணைக்கருவி. நேர்முகமாக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் என்பது அக்கால மானிடவியலாரின் நெறி. முகத்தில் உணர்ச்சி கூடாது, பின்னணி கூடாது, செய்துகொண்டிருந்த வேலை தெரியக்கூடாது. இத்தனையும் நீக்கப்பட்ட பின் எஞ்சும் முகத்தின் கீழே பெரும்பாலும் சாதிப்பெயர் அச்சாகும். ஒருவர் தம் குழுவினர் அனைவருக்கும் மாதிரி ஆகிவிடுவார். காவல்நிலையத்தில் குற்றவாளியைப் படமெடுப்பதும் இதே முறையில்தான். இந்த ஒற்றுமை தற்செயலானது அன்று. தர்ஸ்டன் பல்கலைக்கழக மாணவருக்கு மட்டுமன்றிக் காவல்துறையினருக்கும் உடலளவியல் வகுப்புகள் எடுத்தவர். 1871இல் வடக்கே பிறந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் புதிய வடிவில் சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது, பிறப்பால் குற்றவாளி என்ற கருத்து இங்கே ஏற்கெனவே வேரூன்றியிருந்தது.

அளக்கப்பட்டவர்கள் சும்மா நின்றுகொண்டிருக்கவில்லை. வயநாட்டின் பணியர் பெண்கள் தர்ஸ்டனைக் கண்டதும் ஓடினர். தங்களில் நல்ல உருவமுடையவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் நிறுத்தப்போகிறார் என்று அஞ்சினர். சேர்வராயன் மலையின் மலையாளிகள், தங்கள் நிலத்தை அரசுடைமையாக்கிவிட்டுத் தங்களை அந்தமானுக்குக் கப்பலேற்ற வந்தவர் என்று ஐயுற்றனர். தர்ஸ்டன் இவற்றைத் தம் நூலின் முன்னுரையில் நகைச்சுவைத் துணுக்குகளாக எழுதிவைத்தார். படிக்கும் ஆங்கிலேயர் சிரித்திருப்பர்.

சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. பணியர் வயநாட்டின் நிலவுடைமையாளரிடம் தலைமுறை தலைமுறையாகக் கொத்தடிமைகளாக இருந்தவர்கள்; வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் ஓராண்டு உழைப்புக்கு விலைபேசப்பட்டவர்கள். அதிகாரமுள்ளவர் ஒருவர் வந்து ஆளைத் தேர்ந்தெடுத்து அளந்து பார்த்தால் அடுத்து என்ன நடக்கும் என்பதை அவர்கள் வாழ்ந்து அறிந்திருந்தனர். பாடம் செய்த விலங்குகள் நிறைந்த மாளிகையிலிருந்து வந்தவர் அவர் என்பதையும் கேள்விப்பட்டிருப்பர். மலையாளிகளின் அச்சமும் அத்தகையதே: காடுகள் அரசுடைமையான காலம் அது, சேர்வராயன் சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் பரவிய காலம். அறியாமை என்று தர்ஸ்டன் எண்ணியது உண்மையில் அரசியல் அறிவு. அவர் சேர்த்த தரவுகளிலேயே மிக நம்பகமானவை இந்த ஓட்டங்கள்தாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இதே ஆண்டுகளில் இதே சென்னையில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. 1891இல் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையை நிறுவினார். இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கி, 1893இல் பறையன் என்ற பெயரிலேயே இதழ் நடத்தினார். இழிவாக எறியப்பட்ட சொல்லைத் தலைப்பாக எடுத்து அச்சேற்றினார். உயர் ஆட்சிப் பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் அதிகாரம் முழுவதும் மேல்சாதியினர் கைக்கே போகும் என்று வாதிட்டு, 3412 பேரிடம் கையொப்பம் வாங்கி இலண்டன் நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார். 1907இல் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசரின் ஒரு பைசாத் தமிழன் வெளிவந்தது. எழும்பூரிலிருந்து இராயப்பேட்டை அதிகத் தொலைவில்லை. ஒரு பக்கம் பெயரில்லாத முகங்கள் கண்ணாடித் தகட்டில் பதிவாகின்றன. மறுபக்கம் அதே மக்கள் தம் பெயரையும் ஊரையும் எழுதிக் கையொப்பமிடுகின்றனர். காலனிய ஒளிப்படத்தைப் பற்றிப் பேசுவோர் முதல் படத்தோடு நின்றுவிடுகின்றனர். இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்த்தால்தான், தர்ஸ்டனின் கருவி எதைப் பார்க்காமல் விட்டது என்பது புலப்படும்.

1901இல் ரிஸ்லியின் தலைமையில் இந்தியா முழுவதுக்குமான இனவரைவியல் கணக்கெடுப்பு தொடங்கியது. சென்னை மாகாணத்துக்குப் பொறுப்பாளர் தர்ஸ்டன். அவருடைய துணைவர் கடம்பி ரங்காச்சாரி, தாவரவியலாளர், பிராமணக் குடும்பத்தவர். 1906இல் வந்த தென்னிந்திய இனவரைவியல் குறிப்புகள் என்னும் நூலின் நாற்பது படங்களில் பெரும்பாலானவை ரங்காச்சாரி தந்தவை. 1909ஆம் ஆண்டுத் தொகுப்பின் முகப்பிலும் அவர் பெயர் உண்டு. ஆகவே காலனியப் பார்வை என்று நாம் சொல்லும்போது வெள்ளையரின் கண்ணை மட்டும் நினைப்பது பாதி உண்மையே. கருவி இலண்டனிலிருந்து வந்தது. சேரிக்கு வழிகாட்டியதும் செய்தி சொன்னதும் பல வேளைகளில் படத்தை எடுத்ததும் ஊரின் மேல்தட்டு. ஒரு சாதியைப் பற்றிய தகவலை அதற்கு மேலுள்ள சாதியிடம் கேட்டு எழுதும் பழக்கம் கணக்கெடுப்புகளிலும் மாவட்ட விவரச்சுவடிகளிலும் முன்பே இருந்தது. அவற்றிலிருந்து பத்தி பத்தியாக எடுத்துச் சேர்த்ததுதான் தர்ஸ்டனின் தொகுப்பில் பெரும்பகுதி.

முந்நூறுக்கும் மேற்பட்ட சாதிகளும் குழுக்களும் ஆங்கில அகரவரிசையில் அடுக்கப்பட்ட அத்தொகுப்பில் இன்றைய விருதுநகர் மாவட்டம் எங்கே வருகிறது என்று தேடினால், ஆறாம் தொகுதியில் சிவகாசி அகப்படுகிறது. அன்று சாணார் என்று எழுதப்பட்ட நாடார்களைப் பற்றிய நீண்ட கட்டுரை அது. கோயில் நுழைவை ஒட்டிய பகையில் 1899 ஜூன் 6 அன்று ஆயிரக்கணக்கானோர் சிவகாசியைத் தாக்கிய நிகழ்வும், கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததற்கு எதிராக இராமநாதபுரம் சேதுபதி தொடுத்த வழக்கும் அதில் விரிவாக உள்ளன. அந்த வழக்கு 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று நாடார்களுக்கு எதிராக முடிந்தது. கட்டுரையில் தேதி உண்டு, வழக்கு உண்டு, எதிர்வாதம் உண்டு.

இதை இரண்டாம் தொகுதியில் உள்ள சக்கிலியர் கட்டுரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிவகாசி, சாத்தூர், திருவில்லிபுத்தூர் வட்டாரங்களில் அருந்ததியர் பெருந்தொகையாக வாழ்கின்றனர். தோல் தைத்தும் மலக்குழி சுமந்தும் பின்னர் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் மருந்து அடைத்தும் இந்த மண்ணுக்கு உழைத்தவர்கள். அவர்களைப் பற்றிய கட்டுரையில் காலம் நின்றுவிடுகிறது. சமூகத்தில் ஆகக் கீழானவர் என்ற தீர்ப்பு, ஆவாரஞ்செடிக்கு அவர்கள் தரும் மதிப்பு, வழிபாடு, குடிப்பழக்கம் பற்றிய இழிவுரை என்று அது செல்கிறது. யாரும் யாரையும் எதிர்த்ததாகவோ எதையேனும் கேட்டதாகவோ ஒரு தேதியும் தென்படுவதில்லை. ஐந்தாம் தொகுதியின் பள்ளர் கட்டுரையும் ஏறத்தாழ இதே நடைதான். ஆறாம் தொகுதியின் பறையர் கட்டுரை, கிளேட்டன் என்ற பாதிரியார் 1906இல் அருங்காட்சியக வெளியீடாக எழுதிய ஆய்வைப் பெரிதும் சார்ந்தது. அதில் பரிவு உண்டு என்பதை மறுக்க இயலாது. வழக்கறிஞரை அமர்த்த முடிந்த சாதிக்கு வரலாறு வாய்த்தது. முடியாத சாதிகளுக்கு வழக்காறு மட்டுமே வாய்த்தது.

இந்த வழக்காறு என்ற சொல்லில்தான் தர்ஸ்டனின் தொகுப்பு செய்த பெருங்கேடு அடங்கியிருக்கிறது. இடுப்புக்கு மேல் துணியில்லாத ஆண், மார்பை மறைக்காத பெண், கழுத்தில் கல்மாலை, காலில் செருப்பில்லை, தலையில் குடுமி. படம் இவற்றைக் காட்டும். எழுத்து இவற்றை அம்மக்களின் உடை, அணி, பழக்கம் என்று விளக்கும். அவர்கள் விரும்பி அணிந்த உடையா அது?

கேரளத்தின் புலையர் பெண்கள் கல்மாலை அணிவது அவர்களுடைய மரபு என்றே நூல்கள் எழுதின. தொகுப்பு வெளிவந்து ஆறே ஆண்டுகளில், 1915இல், கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் தொடங்கி அய்யன்காளியின் வழிகாட்டலில் புலையர் பெண்கள் அந்தக் கல்மாலைகளை அறுத்து எறிந்தனர். அதற்கு விலையாகக் குடிசைகள் எரிந்தன. மரபைக் கைவிட்டதற்காக யாரும் குடிசையை எரிப்பதில்லை. ஆணையை மீறியதற்காகத்தான் எரிப்பர்.

தெளிவான சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் மாவட்டம் உருவானது. சாத்தூரும் சிவகாசியும் அருப்புக்கோட்டையும் திருவில்லிபுத்தூரும் 1985இல் விருதுநகர் தனி மாவட்டமாகும் வரை அதில்தான் இருந்தன. அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ துணி உடுத்தக் கூடாது. சட்டையோ பனியனோ அணியக் கூடாது. தலைமுடியைக் கத்தரிக்கக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் இரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடலை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, ஆடுமாடுகள் சூறையாடப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகப் பெருகின. இவற்றைப் பதிவு செய்தவர் 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன்.

இந்த எட்டுத் தடைகளையும் ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையில் அக்காலத்துத் தீண்டப்படாதார் படம் எதையேனும் எடுத்துப் பாருங்கள். தடைப்பட்டியலின் ஒவ்வொரு வரியும் அந்தப் படத்தில் நிறைவேறியிருக்கும். முழங்காலுக்கு மேல் நிற்கும் துணி, வெற்று மேனி, மண்சட்டி, வெறுங்கால். சாதியின் ஆணையைத்தான் கருவி படமெடுத்தது. அதன் கீழே அம்மக்களின் இயல்பு என்று எழுதப்பட்டது. ஆணையிட்டவர் படத்தில் இல்லை. இலண்டனில் அதைப் பார்த்தவர் நாகரிகம் எட்டாத ஆதிமனிதனைக் கண்டதாக நினைத்தார். இங்கே அதைப் பார்த்த மேல்சாதியினர் தம் ஏற்பாடு அறிவியலின் முத்திரை பெற்றதைக் கண்டனர். இருவருக்கும் அந்தப் படம் பயன்பட்டது.

நூலின் சொல்லை மாற்றும் வலிமையும் எல்லோருக்கும் ஒன்றுபோல் அமையவில்லை. விருதுபட்டியின் நாடார்கள் மகமை நிதியால் 1889இலேயே சத்திரிய வித்தியாசாலையை நிறுவியிருந்தனர். தர்ஸ்டனின் தொகுப்பு வந்த மறு ஆண்டில் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. 1921இல் அரசுப் பதிவேடுகளில் பழைய பெயர் நீங்கி நாடார் என்ற பெயர் ஏறியது. 1923இல் விருதுபட்டியே விருதுநகர் ஆனது. அதே ஆண்டுகளில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. இழிவிலிருந்து மீண்ட ஒரு சமூகத்தின் வெற்றி அது. அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆலைகளில் வேலைக்கு வந்த அருந்ததியருக்கும் பள்ளருக்கும் பறையருக்கும் மகமை நிதி கிடையாது. தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயர் சட்டமாக 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அருந்ததியருக்கு மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009இல்தான் வந்தது. பட்டாசு ஆலை வெடித்த மறுநாள் செய்தித்தாளில் வரும் படங்களை நினைத்துக்கொள்ளுங்கள்: துணி போர்த்திய வரிசை, தலையில் அடித்துக்கொள்ளும் பெண், கீழே பலியானோர் எண்ணிக்கை. பெயரில்லாமல் படமெடுக்கும் வழக்கம் தர்ஸ்டனோடு போய்விடவில்லை.

அவர் கொடியவர் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். சோர்வறியாத உழைப்பாளி. பணியரின் அடிமைநிலையையும் பல சாதிகளின் கதைகளையும் சடங்குகளையும் எழுதிவைத்தவர். பாடல்களை ஒலிப்பதிவு செய்ய முயன்றவர். அந்த ஏழு தொகுதிகள் இல்லாவிட்டால் நம் முன்னோரைப் பற்றிய பல செய்திகள் அழிந்திருக்கும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றைத் தமிழில் கொண்டுவந்தது. இன்று சாதிச் சங்கங்கள் தத்தம் பெருமைக்கு அதிலிருந்தே பக்கங்களை எடுத்தாள்கின்றன. பெருமை தரும் வரியை எடுத்துக்கொண்டு அடுத்த சாதியை இழிவுசெய்யும் வரியையும் சேர்த்தே நம்புவது அந்தச் சங்கங்களின் வழக்கம்; அதற்குத் தர்ஸ்டனைக் குறை சொல்ல முடியாது.

ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பியவருக்கு அரசு கெய்சர்-இ-இந்த் பதக்கமும் சி.ஐ.இ. பட்டமும் அளித்திருந்தது. 1912இல் தென்னிந்திய மக்களின் சகுனங்களையும் மூடநம்பிக்கைகளையும் பற்றி ஒரு நூல் எழுதினார். அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்தின் புவியியல் பற்றி ஒன்று. பிறகு கார்ன்வால் பகுதியில் குடியேறி, அங்குள்ள மரங்களையும் புதர்ச்செடிகளையும் பட்டியலிடுவதில் முதுமையைக் கழித்தார். அந்த நூல் 1930இல் வெளிவந்தது. அதே ஆண்டின் இறுதியில்தான் இராமநாதபுரத்தில் எட்டுத் தடைகள் வந்தன. அவர் அதை அறிந்திருக்க வாய்ப்பு குறைவு. 1935 அக்டோபர் 12 அன்று பென்சான்ஸ் நகரில் காலமானார்.

மறுநாள், அக்டோபர் 13, நாசிக் மாவட்டத்தின் இயோலாவில் பல்லாயிரவர் கூடிய மாநாட்டில், இந்துவாகப் பிறந்ததைத் தவிர்க்க முடியவில்லை என்றாலும் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அண்ணல் அம்பேத்கர் அறிவித்தார். இரண்டு நாட்களும் அடுத்தடுத்து அமைந்தது தற்செயல்தான். ஆனால் 1948இல் அவர் வெளியிட்ட தீண்டப்படாதார் யார் என்ற ஆய்வில் மூக்குக் குறியெண் மீண்டும் வருகிறது. மானிடவியலார் சேர்த்த அளவுகளை குர்யேயின் நூல் வழியாக எடுத்து, மாகாணம் மாகாணமாக ஒப்பிட்டு, அவற்றை நம்புவதானால் பிராமணரும் தீண்டப்படாதாரும் ஒரே இனத்தவர் என்றுதான் முடிவு வரும் என்று அவர் காட்டினார். பிராமணர் ஆரியர் என்றால் இவர்களும் ஆரியர். பிராமணர் திராவிடர் என்றால் இவர்களும் திராவிடர். படிநிலையை இரத்தத்தில் நிறுவ எடுக்கப்பட்ட அளவுகள், தீண்டாமைக்கு இரத்தத்தில் வேர் இல்லை என்பதற்குச் சான்றாயின. அளந்தவர்கள் பார்த்திராத விடை அவர்களுடைய எண்களுக்குள்ளேயே இருந்தது.

சான்றிதழ் விசாரணைகளில் சடங்கையும் பழக்கத்தையும் கேட்டு ஒருவரின் சமூகத்தைத் தீர்மானிக்கும் சோதனை, எல்லா வழக்குகளுக்கும் இறுதி அளவுகோல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தீர்ப்பளித்தது. இடம்பெயர்வும் கல்வியும் நகர வாழ்வும் மக்களின் பழக்கங்களை மாற்றியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளச் சொன்னது. அந்தத் தீர்ப்பின் நகலைக் கையில் எடுத்துக்கொண்டுதான் இப்போது நம்மவர்கள் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. உள்ளே மேசையின் மறுபுறம் இருப்பவர் இன்னும் குலதெய்வத்தில்தான் தொடங்குகிறார்.